யார் கட்டிய தவணை

கிரேன் ஓட்டுநருக்கு வேலை போய் நாலு மாதம். துறைமுகத்தில் ஆளைக் குறைத்தபோது பட்டியலில் முதல் பெயரே அவனுடையதுதான். அன்றிலிருந்து வீட்டில் யார் மெதுவாகப் பேசினாலும் அவன் காது அங்கேதான் நிற்கும்.

இந்த நேரம் பார்த்து மைத்துனன், மனைவியின் தம்பி, அடிக்கடி வர ஆரம்பித்தான். பஸ் ஓட்டுகிறவன், ஷிஃப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவான். அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசுப்பார்கள். இவன் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு கப்பென்று நின்றுவிடும். ஒருநாள் மைத்துனன் மாடி அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். கேட்டதற்கு, "சும்மா மாமா" என்று பல்லைக் காட்டினான்.

சும்மா எவனாவது அறையை அளப்பானா?

வீட்டுக்கடனில் மூன்று தவணை பாக்கி. அவகாசம் கேட்க, வெட்கத்தை விட்டு வங்கிக்குப் போனான். அதிகாரி கணினியைப் பார்த்தார்.

"பாக்கியே இல்லையே சார். மூணு மாசமும் கட்டியாச்சு."

"யாரு கட்டினது?"

"உங்களுக்கு ஜாமீன் போட்டவர்தான்."

மைத்துனன்! பணத்தைக் கட்டிக் கட்டியே வீட்டை அமுக்கப் பார்க்கிறான், பெண்டாட்டியும் உடந்தை.

வீடு திரும்பியவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்காவும் தம்பியும் என் வீட்டப் பங்கு போடுறீங்களா?"

மைத்துனன் எழுந்து நின்றான். "மாமா, நீங்க கட்டலைன்னா என் சம்பளத்துல பிடிப்போம்னு வங்கி எனக்குக் கடிதம் போட்டுச்சு. உங்ககிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு அக்கா தடுத்துட்டா. அங்க வாடகை, இங்க தவணை, ரெண்டும் கட்ட என்னால முடியல. மாடிக்கே வந்துடலாம்னு பார்த்தேன். கட்டில் கொள்ளுமான்னுதான் அளந்தேன்."

"கொள்ளுமா?"

"கட்டிலைப் போட்டா கதவு திறக்காது."

அக்கா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "நீ கட்டினது எனக்குக் கொடுத்த கடன். வீட்டுல உரிமை கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடு."

மைத்துனன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் எழுதிக் கொடுத்தான். அக்கா இரண்டு நாள் கணவனோடு பேசவில்லை.

அடுத்த மாதம் மைத்துனன் சின்னக் கட்டிலோடு மாடிக்குக் குடிவந்தான். கிரேன் ஓட்டுநருக்கும் ஒரு கிடங்கில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. தவணையை ஆளுக்குப் பாதியாகக் கட்டினார்கள். மைத்துனன் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பலமுறை கையில் எடுத்தான். மேலே ஏதாவது நகர்த்தும் சத்தம் கேட்கும், காது அங்கே போய் நிற்கும். மறுபடி மடித்து அலமாரியில் வைத்துவிடுவான்.