வெங்காயக்காரி வேடம்

சந்திரகாந்தியின் குரலுக்கு இதுவரை கிடைத்த விலை ஒரு கிண்ணம் சர்க்கரைப் புக்கை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனைக் குழுவின் பின்வரிசையில் நின்று பாடுவாள். முன்னால் நிற்பவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். அந்த எல்லோரில் இவளும் ஒருத்தி. முடிந்ததும் புக்கை, சர்க்கரைப் பொங்கல்தான். அதில் முந்திரிகை வற்றல் சில நாள் இருக்கும், சில நாள் இராது. இருபது வருடமாக அந்த விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் சேலைக் கடை வைத்திருப்பவளுக்கு விலை ஏறாத சரக்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றில் சரக்குப் பழுது, இல்லையென்றால் அதை யாரும் தட்டிலிருந்து எடுத்து விரித்துக் காட்டவில்லை.

பழுதில்லை என்றுதான் அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு ஜெர்மன்காரப் பெண் கடைக்கு வந்து, கண்ணாடியில் ஒரு விளம்பரம் ஒட்டலாமா என்று கேட்டாள். நகரத்து நாடக ஃபெராயின், அதாவது வேலை முடிந்த நேரத்தில் நாடகம் போடும் சங்கம், கோடையில் ஓர் இசை நாடகம் மேடையேற்றப் போகிறது. குரல் தேர்வுக்கு எவரும் வரலாம். அனுபவம் தேவையில்லை. அனுபவம் தேவையில்லை என்று எழுதியிருந்தால் சம்பளமும் இல்லை என்பது சந்திரகாந்திக்குத் தெரியும். அவள் பார்த்தது வேறு. நாடகக் கதையில், கார் நிறுத்துவதற்காக நகரசபை சந்தையை மூட நினைக்கிறது. அந்தச் சந்தையில் ஹெட்விக் என்றொரு வெங்காயக்காரி. இரண்டாம் பாதியில் அவள் தனியாக வந்து நின்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். மூன்று நிமிடம். பின்னால் கோஷ்டி இல்லை. முன்னாலும் யாரும் இல்லை.

அந்த மூன்று நிமிடம் அவளுக்கு வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இதுபோல் எதையும் அவள் விரும்பியதில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

அந்தப் பெண் தந்துவிட்டுப் போன பாட்டையும் வசனத்தையும் ஆள் இல்லாத நேரங்களில் கடையிலேயே பழகினாள். சேலையை மடிக்கத் தொடங்கும்போது மூச்சை எடுப்பாள். கடைசி மடிப்பு வரை விடமாட்டாள். பாட்டு மனப்பாடமாகிய அன்று கடையில் மடிக்கச் சேலை மிச்சமில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை பின்னேரம், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. நடைக்கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். நெஞ்சில் நம்பர் குத்திய ஜெர்மன்காரர்கள் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்து, ம்ம்ம் என்று தொண்டையைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் விஜயரத்தினம் கொத்தமல்லித் தண்ணீர்ப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ ஆசுபத்திரியில் இருப்பவர் போல் இருந்தார்.

"கை நடுங்குதப்பா," என்றாள்.

"குளிருக்கு."

"ஹீட்டர் உங்கட முதுகுக்குப் பின்னால கொதிக்குது."

"அப்ப சூட்டுக்குத்தான் நடுங்குது. குடியும் இதை."

குடிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளைக் கண்டதும் பிளாஸ்க்கை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். கடையின் பழைய வாடிக்கைக்காரி சிவசக்தியின் மகள் மிதுசா. சிவசக்தி கடைவாசலில் தெரிந்தால் சந்திரகாந்தி முதலில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாருங்கோ என்பாள். பேரம் அவ்வளவு நேரம் இழுக்கும். மகள் ஹம்மிலேயே பிறந்து வளர்ந்து, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறவள்.

"அன்ரி, நீங்களுமோ? எந்த ரோலுக்கு?"

"சும்மா வந்தனான் பிள்ளை. ஒருக்கா என்னெண்டு பாப்பம் எண்டு."

"நான் ஹெட்விக்குக்கு."

"அது ஆர் ஹெட்விக்?" என்று கேட்டாள் சந்திரகாந்தி, ஹெட்விக்கின் வசனம் முழுவதையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவள்.

விஜயரத்தினம் பிளாஸ்க் மூடியை உற்றுப் பார்த்தார்.

அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள்.

மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை. அதன் பின்னால் நெறியாளர் ஹோல்ட்காம்ப் அம்மையார், குட்டைத் தலைமுடி, கழுத்தில் கண்ணாடி. மூலையில் பியானோக்காரர். அவர் முன்னிசையை வாசித்தார். முன்னிசை முடிந்தது. சந்திரகாந்தி காத்துக்கொண்டு நின்றாள். பியானோக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். யாராவது முதலடியை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று தான் நிற்பது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. இருபது வருடத்தில் ஒரு பாட்டையும் அவள் தொடங்கியதில்லை.

"மறுபடியும்," என்றார் அம்மையார்.

மறுபடியும் முன்னிசை. இந்த முறையும் முதலடி கையைவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது அடியை ஓடும் பஸ்ஸில் ஏறுவதுபோல் பிடித்தாள். ஏறிய பிறகு இறங்கவில்லை. சேலை விரிந்தது. நடுப்பாட்டில், கணவன் செத்த அன்றும் தான் கடை திறந்ததை வெங்காயக்காரி சொல்லும் இடத்தில், பியானோக்காரர் வாசிப்பைத் தணித்து அவளுக்கு வழி விட்டார். கடைசி மடிப்பு வரை மூச்சு இருந்தது.

ஹோல்ட்காம்ப் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆரம்பத்தில் யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று தெரியவில்லை. அதைத் திருத்தலாம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஹெட்விக் நீங்கள்தான். எடுக்கிறீர்களா?"

சந்திரகாந்திக்குக் காது அடைத்தது. வாய் மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது. ஊரில், சுன்னாகத்துப் புடவைக் கடையில் தகப்பனுக்குப் பக்கத்தில் வளர்ந்த வாய்; சபையில் பழகிய வாய். தந்ததும் கையை நீட்டுவது பஞ்சத்தில் அடிபட்டவன் செய்வது.

"ஐயோ, இல்லை. அது பெரிய பாத்திரம். எனக்கு அவ்வளவு வராது. வேறு நல்லவர் ஒருவருக்குக் கொடுங்கள்," என்றாள் ஜெர்மனில், மிக அழகாக.

"நிச்சயமாகவா?"

இது இரண்டாம் முறை. மூன்றாம் முறை கேட்கும்போது, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று இறங்கி வரலாம். வசனம்கூடத் தயாராக இருந்தது.

"நிச்சயமாக," என்று சிரித்தாள்.

"வருத்தம்தான். ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறேன்." அம்மையார் தாளில் ஒரு கோடு இழுத்தார். "கோஷ்டியில் பாட வருவீர்களா? பின்வரிசைக்கு ஆள் தேவை."

சந்திரகாந்தி தலையாட்டினாள். அதற்கு மட்டும் ஒரே தரத்தில்.

வெளியே வந்தபோது மிதுசா உள்ளே போனாள். கதவு மூடியது.

"என்ன சொன்னவை?" என்று எழுந்தார் விஜயரத்தினம்.

"ஹெட்விக் நான்தானாம்."

"பாத்தீரோ. நான் அப்பவே சொன்னனான்..."

"நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"சரி, அது சொல்லுறதுதானே. பிறகு?"

"நிச்சயமோ எண்டு கேட்டவ."

"ம்."

"நிச்சயம் எண்டனான்."

"பிறகு?"

"பிறகு கேக்கேல்லை."

விஜயரத்தினம் மெல்ல உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து தானே ஊற்றிக் குடித்தார்.

"இஞ்சேரும், இவை வெள்ளைக்காரர். சேலைக்கு விலைத் துண்டைப் பாத்துக் காசை வைச்சிட்டுப் போற சனம். உம்மோட ஆர் மூண்டுதரம் மினக்கெடுறது? போய்த் திருப்பிக் கேளும்."

"என்னெண்டு போய்க் கேக்கிறது? வேணுமெண்டு ஆலாப்பறக்கிறன் எண்டு நினைப்பா."

"ஆலாப்பறக்கிறீர்தானே?"

கதவுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. அவளுடைய பாட்டு. மிதுசா முன்னிசை முடிந்த கணத்தில் பிடித்துக்கொண்டாள்; ஒரு நூல் பிந்தவில்லை. நடுப்பகுதியில் ஆழம் போதாது என்று சந்திரகாந்தியின் மனம் சொன்னது. ஆனால் துணி பார்க்கத் தெரிந்தவள் பொய் சொல்ல முடியாது. நல்ல சரக்கு. உள்ளே பேச்சுச் சத்தம், பிறகு சிரிப்பு.

மிதுசா வெளியே வந்தாள். "அன்ரி, எனக்குக் கிடைச்சிட்டுது."

"நல்லது பிள்ளை," என்றாள் சந்திரகாந்தி. குரல் கோணவில்லை. வியாபாரம் கைவிட்டுப் போகும்போதும் சிரித்து அனுப்புவது பழக்கம்.

விஜயரத்தினத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. "பிள்ளை, அதை முதல் இவவிட்டைத்தான் கேட்டவை."

"தெரியும் அங்கிள். ஹோல்ட்காம்ப் சொன்னவ. முதல் ஆளுக்கு விருப்பமில்லையாம்."

"விருப்பமில்லை எண்டு நான் சொல்லேல்லை," என்றாள் சந்திரகாந்தி.

"வேண்டாமெண்டு சொன்னீங்களாம்."

"வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

மிதுசா அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதம் அப்படியே தாயுடையது.

"எங்கட வீட்டை வந்தாலும் தேத்தண்ணி வேண்டாமெண்டுதான் சொல்லுவீங்கள். அம்மா கேக்காமலே போட்டுக்கொண்டு வருவா. ஹோல்ட்காம்புக்கு அது தெரியாது அன்ரி. மொத்தம் எத்தினை ஷோ எண்டு தெரியுமோ?"

"எட்டு."

"சும்மா பாக்க வந்தனீங்கள். ஆனா எட்டு எண்டு தெரியும்."

சந்திரகாந்தியின் காது சுட்டது.

"ஒரு ரோலை இரண்டு பேர் மாறி மாறிச் செய்யலாம். போன வருஷமும் அப்பிடிச் செய்தவை," என்றாள் மிதுசா.

"நாலு, நாலு," என்றார் விஜயரத்தினம்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ." சந்திரகாந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிள்ளை என்ன சொல்லுறீர்?"

"ஒண்டு."

"ஒண்டுக்கு உடுப்புத் தைக்கிற கூலியே காணாது."

"இரண்டு. அதுக்கு மேல ஏலாது. கிடைச்சது எனக்கு, அன்ரி."

"நீர் பாடினதைக் கதவுக்கு வெளியில நிண்டு கேட்டனான். நல்லாப் பாடினனீர். புருஷன் செத்த இடத்தில மட்டும் பஸ் விட்டவள் மாதிரிப் பாடினனீர். அந்த இடம் நான் காட்டித்தாறன். மூண்டு."

மிதுசா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்தாள். "மூண்டாவது வேணுமெண்டால் ஒரு நாள் கிடக்கு. எனக்கு ஏலாத நாள்."

"எந்த நாள்?"

"தேர் ஞாயிறு. பின்னேரம் மூண்டு மணி ஷோ. அண்டைக்கு ஊன்ட்றொப் கோயிலில நிக்காட்டி அம்மா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா."

விஜயரத்தினம் எழுந்து நின்றார்.

தேர் ஞாயிறு என்றால் சந்திரகாந்திக்குச் சாமி மட்டும் இல்லை. கோயில் வீதியில் அவளுடைய கூடாரக் கடை. ஜெர்மனி முழுவதிலிருந்தும், பக்கத்து நாடுகளிலிருந்தும் சனம் வந்து இறங்கும். வருடம் முழுவதும் ஹம்மில் குந்தியிருந்து விற்பதை அன்று ஒரு பின்னேரத்தில் விற்கலாம், ஆனால் விற்கிற வாய் அங்கே இருக்கவேண்டும். விஜயரத்தினம் நல்ல மனிதர். அவருக்குக் காஞ்சிபுரமும் சேலை, கதவுத் திரையும் சேலை.

"பிள்ளை, வேற நாள் ஒண்டு..." என்று தொடங்கினார்.

"வேற நாள் இல்லை அங்கிள்." மிதுசா சந்திரகாந்தியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்கோ அன்ரி. வேணுமோ, வேண்டாமோ? மூண்டுதரம் கேக்கமாட்டன்."

வாங்க வந்தவன் ஆசையைக் காட்டினால் விலை ஏறும். கல்லாவில் ஏறி உட்காரக் கால் எட்டாத வயதிலேயே அவள் படித்த பாடம் அது. சேலை எடுக்கும்போதும், வீடு வாங்கும்போதும், விஜயரத்தினத்தைப் பெண்பார்க்க அழைத்து வந்தபோதும்கூட அவள் முகம் வெறும் சுவராகத்தான் இருந்தது. இப்போது சுவரில் எங்கேயோ நீர் கசிந்தது. தொண்டைக்குள் "அதுக்கென்ன பிள்ளை, நீரே செய்யும்" என்ற வசனம் இஸ்திரி போட்டுத் தயாராகக் கிடந்தது. எடுத்தால் போதும்.

"வேணும்," என்றாள்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தொண்டை தீட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"இஞ்சேரும், தேர்," என்றார் விஜயரத்தினம். "யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சால் வேண்டாமெண்டுதான் வாயில வரும்."

அடுத்த நம்பரைக் கூப்பிட ஹோல்ட்காம்ப் அம்மையார் கதவைத் திறந்தார். மிதுசா போய் ஜெர்மனில் படபடவென்று சொன்னாள். அம்மையார் கண்ணாடிக்கு மேலால் சந்திரகாந்தியைப் பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே விளங்காத பார்வை.

"கால் மணி நேரத்துக்கு முன் நிச்சயமாக வேண்டாம் என்றீர்கள்."

"சொன்னேன். இப்போது நிச்சயமாக வேண்டும்."

"இது உங்கள் சொந்த விருப்பமா? யாரும் வற்புறுத்தவில்லையே?"

யாரும் வற்புறுத்தாததுதான் பிரச்சினை என்று எப்படி விளக்குவது? "சொந்த விருப்பம்," என்றாள்.

அம்மையார் யோசித்தார். அந்த நேரத்தில் சந்திரகாந்தி மூச்சை எடுத்து, ஒரு முழுச் சேலை மடிக்கும் அளவுக்கு அடக்கி வைத்திருந்தாள்.

"சரி. இருவரும் பழகுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. கடைசி ஒத்திகைக்கு முன், முதலடியைச் சரியான இடத்தில் நீங்களாகப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் எட்டையும் இவர் செய்வார். பியானோக்காரர் உங்களுக்காகப் பாட்டைத் தொடங்கித் தர மாட்டார்."

வீட்டுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் விஜயரத்தினம் காரை நிறுத்தினார்.

"தேருக்குக் கூடாரத்தில நான் என்னப்பா சொல்லி விக்கிறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. விலைத் துண்டைக் குத்தி விடுங்கோ. கேட்ட விலையைக் குடுக்கிற சனமும் வரும்."

"சிவசக்தி வந்தால்?"

"மகள்காரி என்னட்டை ஐஞ்சு ஷோ வாங்கிப்போட்டாள். தாய்க்கு ஒரு சதமும் குறைக்கவேண்டாம்."

விளக்கு இன்னும் சிவப்பு. சந்திரகாந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, மனத்துக்குள் முன்னிசையை ஓடவிட்டாள். முடிந்தது. வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவர் தொடங்கித் தருவாரோ என்று கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய் வந்தது. அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடம் தவறிவிட்டது. பச்சை விழுந்தது.

மனத்துக்குள் கணக்கெழுதினாள்: மொத்த மேடை எட்டு. மிதுசாவுக்கு ஐந்து. எனக்கு மூன்று, அதில் ஒன்றுக்கு ஒரு தேர் கொடுத்தாயிற்று. முதலடி ஒன்று பாக்கி.