புதுத் தாரில் காய்ந்த நெல்

ஜேசுராஜ் ஓட்டிவந்த ட்ரெய்லருக்கு அறுபத்து நான்கு சக்கரங்கள். அதன் மேல் துணைமின் நிலையத்துக்குப் போகவேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மாடி வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் காலையிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்தார்கள். மின்கம்பி தாழ்ந்த இடங்களில் மூங்கில் கழியால் தூக்கிப் பிடிக்க நான்கு பேர் கூடவே நடந்தார்கள். முன்னால் சிவப்புக்கொடி கட்டிய ஜீப்பில் உதவியாள் மீரா உசேன் வழி பார்த்துப் போனான்.

பாபநாசம் நெருங்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. "நிறுத்துங்கண்ணே. முன்னால நெல்லு கெடக்கு."

அங்கே சாலைக்குப் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது பாதியைச் சுரண்டி எடுத்திருந்ததால் ஒரு சாண் பள்ளம். பஸ்ஸும் காரும் அதில் இறங்கித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தன. இந்தச் சுமையோடு அதில் இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும். தார் போட்டு முடித்து டிரம் வைத்து அடைத்திருந்த இடது பாதிதான் ட்ரெய்லருக்கு வழி. அதில்தான் இருநூறு அடி நீளத்துக்குப் பொன்னாக நெல் காய்ந்தது. வண்டி ஏறாமலிருக்க ஓரம் முழுக்கக் கல் அடுக்கியிருந்தது. நடுவே ஒரு பெண் பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கல்லைப் பார்த்ததுமே ஜேசுராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதேபோல் நெல் காய்ந்த சாலையில், அள்ளிக்கொண்டு போனவர்கள் விட்டுப்போன கல்லில் அவருடைய பைக் ஏறிச் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சவரியம்மாளின் இடது முழங்கால் அன்றைக்கு நொறுங்கியதுதான், அதன்பின் மடங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவள் தனியாகத் தெரியக்கூடாதென்று இவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அவர் இறங்கி நடந்தார். சாலை வேலையில் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்தி அனுப்பும் பூவிழி குறுக்கே வந்தாள். "அந்த அக்கா மேல தப்பு இல்லண்ணே. சாயங்காலம் வரைக்கும் காயட்டும்னு நான்தான் விட்டேன். உங்க வண்டி நாளைக்குத்தான் வரும்னு சொல்லியிருந்தாங்க."

நின்றிருந்த பஸ்ஸிலிருந்து ஒருவர், "மேல ஏத்திட்டுப் போப்பா, அப்பத்தான் புத்தி வரும்" என்றார்.

ஜேசுராஜ் அந்தப் பெண்ணிடம் போனார். "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?"

அவள் பெயர் தையல்நாயகி. தள்ளுவதை நிறுத்தாமலே பேசினாள். "களத்துல கால் வைக்க முடியலண்ணே, ஒரே சேறு. கொள்முதல் நிலையத்துல நெல்லுல ஈரம் இருக்குன்னு திருப்பிட்டாங்க. வரிசையில எடம் போயிடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் அங்கயே நிக்கிறாரு. கால் மணி நேரம் கொடுங்க, அள்ளிடுறேன்."

"கால் மணில ஒத்த ஆளா அள்ளிடுவீங்களா? இந்தக் கல்லை யாரு பொறுக்குறது? இப்படி ஒரு கல்லுலதான் எம் பொண்டாட்டி விழுந்தா."

அவள் கை நின்றது. பலகையைக் கீழே போட்டுவிட்டு, "இப்ப நடக்குறாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

சவரியம்மாள் விழுந்த அன்றைக்கு நெல்லைக் காயவைத்தவர்கள் யாரென்றே ஜேசுராஜுக்குத் தெரியவில்லை. ஒருவரும் எட்டிப்பார்க்கவும் இல்லை.

"நடக்குறா. மாடிப்படிதான் ஏற மாட்டா."

"எங்க மாமியாருக்கும் முட்டி போச்சு. பனிக்காலத்துல ரொம்ப வலிக்கும். ராத்திரி வெந்நி ஒத்தடம் குடுங்க."

"குடுக்குறேன்."

தெற்கே வானம் கறுத்து வந்தது. முதல் காற்றிலேயே ஓரத்து நெல் புரண்டது. ஜேசுராஜ் திரும்பி, கழி பிடித்த ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "மீரா, வண்டியில இருக்கிற பெரிய படுதாவை எடுத்துட்டு வா. சாக்கு பிடிக்க ரெண்டு பேர் வாங்க."

பூவிழி இரண்டு பக்கமும் சிவப்புக்கொடியை நட்டுவிட்டு விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். ஏத்திட்டுப் போ என்று சொன்ன மனிதரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், கூட இன்னும் மூன்று பேர். பலகை தள்ளத் தள்ள நெல் குவிந்தது, சாக்குகள் நிமிர்ந்தன. புதுத் தாரின் சூடு உள்ளங்காலில் ஏற, ஜேசுராஜ் குனிந்து குனிந்து கல் பொறுக்கி சாலையோர வாய்க்கால் கரையில் எறிந்தார். தையல்நாயகி மறு ஓரத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தாள். கடைசிக் கல் வரைக்கும் இருவரும் நிமிரவில்லை.

மூட்டைகளைக் கரையோரம் அடுக்கிப் படுதாவை இழுத்து மூடியபோது பெருந்தூறல் விழுந்தது.

"படுதாவை எப்படிண்ணே திருப்பித் தர்றது?"

"திரும்புற வழில வாங்கிக்குறேன். நெல்லை முதல்ல போட்டுட்டு வாங்க."

ட்ரெய்லர் வெறும் தார் மேல் குலுங்காமல் ஏறிப் போனது. கண்ணாடியில் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூட்டைகளின் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. வளைவு வரும்வரை ஜேசுராஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாபநாசத்தில் வண்டியை ஓரங்கட்டியதும் வீட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"என்ன, கல்லு வச்சவங்களுக்குப் போய் உதவுனேன்னு கோவமா?" என்றார்.

"அதில்லங்க. நெல்லு நனையலியே?"

"ஓரத்துல ரெண்டு மூட்டை லேசா."

"அதைத் தனியா பிரிச்சு வைக்கச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள். "சரி, சாப்பிட்டீங்களா?"