குளிரூட்டப்பட்ட துறவு

என் தம்பி டிரிஸ்டன் இருபத்தேழு வயதில் எல்லாவற்றையும் துறந்தான். அதற்கு மூன்று பக்க விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் தேவைப்பட்டன.

அப்பாவுக்குக் கூரை போடும் தொழில். டென்வரில் ஆலங்கட்டி மழை கொட்டினால் ஊரே புலம்பும். எங்கள் வீட்டில் நல்ல இறைச்சி வாங்குவார்கள். அந்தக் காசில் வளர்ந்தவன், நன்றி கூறும் நாள் விருந்தில் அப்பா வான்கோழியை அறுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"எனக்கு இதெல்லாம் பாரமா இருக்குப்பா."

"அப்ப உன் தட்டை இப்படித் தள்ளு" என்றார் அப்பா.

நான்தான் அதிகம் சிரித்தேன். அப்பாவின் அலுவலகத்தில் போன் எடுத்தே முப்பத்திரண்டு வயதை எட்டியவள் நான். பாரம் என்று ஒரு வார்த்தை இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஜனவரியில் தெற்கு மலையடிவாரத்து மௌன இல்லம் ஒன்றுக்குக் கிளம்பினான்.

"பற்றுகளை அங்க கொண்டுவரக் கூடாதாம்" என்று சொல்லி, வாஃபிளின் கயிற்றை என் கையில் கொடுத்தான்.

பதிமூன்று வயதில் அழுது அடம்பிடித்து அவன் வாங்கிய நாய். இப்போது அதற்கு மூக்கெல்லாம் நரை. அவன் போன நாளிலிருந்து என் வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, அதன் சிறுநீரகம் போய்விட்டது என்றார் மருத்துவர். "இன்னும் நாலஞ்சு நாள்தாம்மா. வீட்டுக்கே வந்து ஊசி போட்டு வலியில்லாம அனுப்பி வச்சிடறேன். வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?"

மௌன இல்லத்துக்குப் போன் செய்தேன். ஜூனிபர் என்று ஒரு பெண் பேசினாள்.

"அவர் நாப்பது நாள் மௌனத்துல இருக்காருங்க. குடும்பத்துல யாருக்காவது ஆபத்துன்னாதான் எழுப்புவோம்."

"ஆபத்துதான். வாஃபிளுக்கு."

"வாஃபிள் உங்களுக்கு என்ன உறவு?"

"நாய்."

அந்தப் பக்கம் அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "சீட்டு எழுதி அவர் பாய்மேல வைக்கிறேன். அன்போட வாசிப்பாரு."

செவ்வாய் போயிற்று. கைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போனேன். புதன்கிழமை அழைத்தது அவனில்லை, ஒரு வாடகைக் கிடங்கின் மேலாளர். கிடங்கு ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"உங்க தம்பி ரெண்டு நம்பர் குடுத்திருந்தாரும்மா. ஒண்ணு ஏதோ மடம், அங்க சொல்லிட்டேன். இன்னொண்ணு நீங்க. மாடியில குழாய் உடைஞ்சிருச்சு, வந்து பாருங்க."

என் படுக்கையறையைவிடப் பெரிய அறை. குளிர்சாதன வசதி உண்டு. பனிச்சறுக்குக் கட்டைகள், காபி இயந்திரம், கிட்டார், கோட்டுகள், எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிகளில். ஓர் அட்டைப்பெட்டியின் அடி மட்டும் நனைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் சீட்டு: 'திரும்பி வந்ததும், முதல் வாரம்.' 'திரும்பி வந்ததும், கோடை.'

அங்கேயே நிற்கும்போது போன் அடித்தது.

"நோரா, கிடங்குல தண்ணியாமே? கிட்டார் நனைஞ்சிருச்சா?"

"உன் மௌனம் என்னடா ஆச்சு?"

"இது அவசரம்னு பேச விட்டாங்க. கிட்டாரைச் சொல்லு."

"வாஃபிள் பத்தி சீட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு நாளா அந்த வலியோடயே உக்காந்திருக்கேன். ரொம்ப ஆழமா இருக்கு."

"அதுவும் என் வாசல்ல உக்காந்திருக்கு. அதுக்கு எவ்வளவு ஆழம்னு கேட்டுச் சொல்லவா?"

உலர்ந்து கிடந்த கிட்டார் பெட்டியைப் பார்த்தேன்.

"கிட்டார் ஊறிப்போச்சு" என்றேன். "என் வீட்டுல காய வச்சிருக்கேன். எதைக் காப்பாத்த முடியும்னு நீதான் பாக்கணும். நாளைக்கே வா."

வியாழன் மதியம் யாரோ ஒருவரின் காரில் வந்து இறங்கினான். மொட்டைத்தலை, சாயமிடாத பருத்திச் சட்டை. கதவைத் திறந்ததும் "எங்க?" என்றான்.

வாஃபிள் எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. வால் மட்டும் தரையில் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

டிரிஸ்டன் செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். பதிமூன்று வயதில் அழுத அதே குரலில் அழுதான். இரண்டு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்தது. அன்று முழுவதும் அவன் கிட்டாரைக் கேட்கவில்லை. மறுநாள் ஊசி போடும்போது வாஃபிளின் தலை அவன் மடியில்தான் இருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

"பற்றை விடறதுன்னா என்னன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது, நோரா. இது எனக்கு நடக்க வேண்டியிருந்துச்சு."

"நடந்தது வாஃபிளுக்குடா."

ஏதோ குரு சொன்னதுபோல் மெதுவாகத் தலையாட்டினான். பிறகு, "சரி, கிட்டார் எங்க?" என்றான்.

"நனையவே இல்ல."

முதலில் அவன் முகத்தில் நிம்மதி வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் கவனித்தேன்.

"பொய் சொல்லியா வரவழைச்சே?"

"உண்மையைச் சொன்னேன். நீ வரலையே."

ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் அவன் நிஜமாகவே மௌனமானான் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது வாஃபிளின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். நான் பார்த்தேன். அவன் தேடல் ஒருவேளை உண்மைதானோ என்று தோன்றியது.

காரில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான். "நோரா, கிடங்குல வேற அறை கேளேன். ஈரம் வராததா."

மறுநாள் அவன் பெட்டிகளையெல்லாம் கிடங்கிலிருந்து கொண்டுவந்து என் வீட்டு முன் நடைபாதையில் அடுக்கி, 'இலவசம்' என்று அட்டையில் எழுதி வைத்தேன். இதை அவனுடைய நன்மைக்காகச் செய்கிறேன் என்று முதல் பெட்டிவரை நம்பினேன். மதியத்துக்குள் நடைபாதை காலியாகிவிட்டது. கிட்டாரைப் பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள்.

டிரிஸ்டனுக்கு இன்னும் சொல்லவில்லை. பேசிவிட்டதால் நாற்பது நாளும் மறுபடி முதலிலிருந்தாம். குடும்பத்தில் யாருக்கும் ஆபத்தும் இல்லை.