பியாட்ரிஸின் அழுத்தம் இறங்க வேண்டும்

1

ஒரு மாத இதழுக்காக, அன்றாட மன அழுத்தத்தைப் போக்கும் எளிய, இயற்கையான வழிகள் பற்றி ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டேன். நிதானமாக மூச்சு விடுங்கள், ஏரிக்கரையில் நடங்கள், கைகளுக்கு வேலை கொடுங்கள் என்று முக்கால்வாசி எழுதியும் விட்டேன். எல்லாமே உண்மைதான். அதனாலேயே சலிப்பாக இருந்தது. இதையெல்லாம் கடைப்பிடித்து ஒருத்தி நிஜமாகவே அமைதியாகிவிட்டால் அவளுக்கு என்ன நஷ்டம் என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டேன். பதிலாக பியாட்ரிஸ் வந்தாள். கட்டுரை அங்கேயே நிற்கிறது.

2

முதல் தொடக்கம்: 'அல்சூர் ஏரியின் மேல் காலைப் பனி மெல்ல...' (வேண்டாம். பியாட்ரிஸ் ஏரியைப் பார்ப்பதே இல்லை.)

இரண்டாவது: 'மனித உடலில் சிறுநீரகம் என்பது...' (பள்ளிக்கூடப் பாடம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பியாட்ரிஸ் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. பெங்களூர் அல்சூரில் அம்மா டோரதியோடும் தம்பி எரிக்கோடும் இருக்கிறாள். எரிக்குக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுது; டயாலிசிஸில் காலம் ஓடுகிறது. மம்மிக்குச் சர்க்கரை, தர முடியாது. பியாட்ரிஸுடையது பொருந்திவிட்டது. ஒரே தடை, ஆஸ்பத்திரியில் கையை நீட்டினால் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

"டென்ஷனைக் குறைச்சுக்கிட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒருதரம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா உங்ககிட்ட எடுக்க முடியாது" என்று டாக்டர் ஸ்ரீவித்யா சொல்லி அனுப்பினார்.

3

அன்றிலிருந்து வீடு அவளை அமைதிப்படுத்தத் தொடங்கியது. டிவியின் சத்தம் போயிற்று. குக்கர் விசில் அடிப்பதற்குள் மம்மி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். மாலை ஜெபமாலையில் பியாட்ரிஸின் பிரஷருக்காகத் தனியாக ஒரு ஜெபம் சேர்ந்தது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அறைக்கு வெளியே கிசுகிசுவென்று சொன்னார்கள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பேச்சு வந்த நாளிலிருந்து அவளோடு சண்டை போட்டே வளர்ந்த எரிக், "உனக்கு எது வசதியோ அதுக்கா" என்று பேச ஆரம்பித்தான். ஏரியைச் சுற்றக் கூட்டிப் போனான். தனக்கு மூச்சு வாங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவளை மட்டும் இன்னொரு சுற்று அனுப்பினான். வீடு திரும்பியதும் பிரஷர் மிஷினை அவள் கையில் கட்டினான்.

"மேலயா, கீழயா?" மம்மி சமையலறையிலிருந்து கேட்பாள்.

"கொஞ்சம் மேல, மம்மி."

"இயேசுவே! பீட்டி, எதையும் மனசுல வச்சுக்காத கண்ணு."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: கட்டுரையில் 'வீட்டில் அமைதியான சூழலை உருவாக்குங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

4

இவளை நம்புவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. இவள் தர விரும்புகிறாளா? யாரும் கேட்கவில்லை. பொருந்துகிறது என்று தெரிந்ததும் மம்மி அழுதுகொண்டே கட்டிப்பிடித்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் கேட்கவில்லை. தியாகியாக எழுதினால் கதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாகிவிடும். சுயநலக்காரியாக எழுதினால் நீங்கள் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்ப்பீர்கள்.

மிஷின் ஒவ்வொரு முறை 'மேல' என்று காட்டும்போதும் அவளுக்குப் பயமாக இருந்தது; அந்தப் பயத்துக்கு அடியில், லேசாக ஒரு...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவளும் முடிப்பதில்லை.

5

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம். வீட்டில் கல்கல் செய்கிறார்கள். மாவை உருட்டி முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிக்கிற கிறிஸ்துமஸ் பலகாரம். வருஷா வருஷம் சுருட்டுவது பியாட்ரிஸ்தான். அலுப்பாகிவிடும் என்று இந்தத் தடவை அவளைச் சேர்க்கவில்லை. அவள் கூடத்தில் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து மேசையைப் பார்த்தாள்.

"டேய், என்னடா அது? கல்கலா, செத்த பல்லியா?"

எரிக் வாயைத் திறந்து மூடினான். நல்ல பிள்ளையாக இருக்கத்தான் பார்த்தான்.

"ஆமா, நீ சுருட்டினா அப்படியே பேக்கரி ஷோகேஸ்ல வப்பாங்க. போன வருஷம் உன்னுதைக் கடிச்சுத்தான் யூஜின் அங்கிளோட பல்செட்டு கழண்டுச்சு."

"அது எப்பவுமே லூசு. உன்ன மாதிரி."

"சும்னிரி, ரெண்டு பேரும்!" மம்மிக்குக் கோபம் வந்தால் கன்னடமும் வரும். "பிரஷர்! பிரஷர்!"

"மாவைப் பாழாக்குறான் மம்மி!" பியாட்ரிஸ் அவனிடமிருந்து முள்கரண்டியைப் பிடுங்கினாள். ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த கையால் அவன் அவளை இடித்துத் தள்ளினான். அவளும் இடித்தாள், கொஞ்சம் மெதுவாக. ஒருவர் சுருட்டியதை மற்றவர் கலைத்தார்கள். சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் எரிக் மிஷினை எடுத்து, மாவு ஒட்டிய அவள் கையில் கட்டினான்.

இறங்கியிருந்தது.

மம்மி சிலுவை போட்டுக்கொண்டாள். எரிக் மிஷினைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"நாளைக்கு ஏறினாலும் பரவால்லக்கா" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"பேசாம சுருட்டு."

6

மறுநாள் ஸ்ரீவித்யா மற்ற இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மிஷினைத் தொடவில்லை.

"தர்றவங்க எல்லார்கிட்டயும் தனியா ஒண்ணு கேப்போம், பியாட்ரிஸ். உங்களுக்கு இதுல விருப்பம்தானா? இல்லேன்னா சொல்லிடுங்க. எடுக்க முடியாதுன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்வோம். காரணம் இந்த ரூமைத் தாண்டாது."

இத்தனை நாள் அவளுக்காக அவள் ரத்தம் பேசிக்கொண்டிருந்தது. நேற்று அதுவும் வாயை மூடிக்கொண்டது.

ஒரு முடிவு: சம்மதிக்கிறாள். அடுத்த கிறிஸ்துமஸில் எரிக் தட்டு நிறையக் கல்கல் தின்கிறான். (எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனால் சந்தேகப்பட்டேன்.)

இன்னொன்று: மறுக்கிறாள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயுள் முழுக்க அவளிடம் மெதுவாகவே பேசுகிறார்கள்.

மூன்றாவது: சரி என்கிறாள், கையை நீட்டுகிறாள், அழுத்தம் ஏறிவிடுகிறது. (கோழைத்தனம். அவளுடையதில்லை, என்னுடையது.)

மூன்றையும் விட்டுவிட்டேன். இப்போது அவள் மூச்சை இழுக்கிறாள், என் கட்டுரையில் சொன்னபடியே, மூக்கு வழியாக, வயிறு நிறைய. கதவுக்கு வெளியே எரிக் ஏதோ சொல்ல, மம்மி "சும்னிரோ" என்று அதட்டுவது கேட்கிறது. டாக்டர் காத்திருக்கிறார். மூச்சை விடும்போது கூடவே ஒரு சொல்லும் வரும்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கான பதிலை நீங்கள் முடிவு செய்துவிட்டிருந்தால், எந்த இடத்தில் முடிவு செய்தீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.