உப்புப் போட்ட காபி

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கண் அதைவிட நீளம் என்பது அவர்களுக்குத் தெரியாது. காபி மெஷினுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக நிற்கிறேன். கை தானாக வேலை செய்யும். பாலைச் சூடாக்கும், நுரையைத் தட்டும், கப்பை நகர்த்தும். கண்ணுக்கு என்ன வேலை? எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்?

எங்கள் கடையில் யார் பெயரையும் கேட்பதில்லை. டோக்கன் நம்பர்தான். அதனால் வாடிக்கையாக வருகிறவர்களுக்கு நாங்களே பெயர் வைத்துவிடுவோம், அவரவர் குடிக்கிறதை வைத்து. 'பாதிக் கப்' என்று ஒரு வக்கீல். 'நுரை வேண்டாம்' என்று ஒரு டீச்சரம்மா. பில் போடுகிற ஆள் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர், அதுவும் நான் வைத்ததுதான். கூட்டம் குறைந்த நேரத்தில் நானும் ரேடியோவும் ஒரு விளையாட்டு ஆடுவோம். மூலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் யார், என்ன உறவு, என்ன சண்டை என்று சொல்ல வேண்டும். நான் தோற்றதே கிடையாது. ஒரு தடவை ஒரு ஜோடி உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்த விதத்தைப் பார்த்தே "இன்னைக்கு இவங்க பிரியப் போறாங்க" என்றேன். கால் மணி நேரத்தில் அந்தப் பெண் தனியாக வெளியே போனாள்.

"உங்களுக்குப் பிடரியிலயும் கண்ணு இருக்கு அக்கா" என்பார் ரேடியோ. எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

உப்புக்காரி வர ஆரம்பித்து மூன்று மாதம் இருக்கும். செவ்வாய், வெள்ளி, நாலரை மணி. கூடவே ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை, நீல யூனிஃபார்மில். முதல் நாள் கவுண்டரில் குனிந்து, திருட்டுப் பொருள் விற்கிறவளைப் போல மெதுவாகக் கேட்டாள்.

"காபியில ஒரு சிட்டிகை உப்பு போட முடியுமாங்க? சர்க்கரை வேண்டாம்."

"உப்பா? டாக்டர் ஏதும் சொன்னாரா?"

"இல்லங்க. சின்ன வயசிலேர்ந்தே பழக்கம். கசப்பு தெரியாது."

அன்றோடு அவள் உப்புக்காரி ஆனாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர்கள் தெருவில் வரும்போதே கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவர்கள் கவுண்டருக்கு வருவதற்குள் கப்பைத் தயாராக வைத்துவிடுவோம். கேட்காமலே கையில் கிடைத்தால் மனுஷர்களுக்கு ஒரு சந்தோஷம். உப்புக்காரியின் தலை செருப்புக்கடை முனையில் தெரிந்ததுமே நான் உப்பு டப்பாவைத் திறந்துவிடுவேன்.

அவள் எப்போதும் சுவரோரமாக, கதவைப் பார்த்த மாதிரி உட்காருவாள். குழந்தை வீட்டுப்பாடம் எழுதும். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இவள் தலை நிமிரும். அரை மணி நேரத்தில் முப்பது தடவை நிமிரும். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

"யாரையோ எதிர்பார்த்துக்கிட்டே இருக்கா. பாவம், அவன் வரவே மாட்டேங்கிறான்" என்றேன் ரேடியோவிடம்.

"புருஷனா?"

"புருஷனோ, புருஷனாகப் போறவனோ. கோவிச்சுக்கிட்டுப் போனவனா இருக்கும். ஒரு நாள் வருவான் பாருங்க."

அப்படித்தான் முடிவு கட்டினேன். கட்டிய முடிவின் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, பொறுமையான முகம். வரிசையில் ஒரு வயதானவரைத் தனக்கு முன்னால் விட்டார். முறை வந்ததும் ரேடியோவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு காபி. சர்க்கரை வேண்டாம். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஒரு சிட்டிகை உப்பு போடணும்."

ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தார். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மூன்று மாதமாக நான் சொல்லி வந்த ஆள் கண் முன்னே நிற்கிறார்! ஒரே வீட்டில் பழகியவர்களுக்குத்தானே ஒரே கிறுக்கு இருக்கும்?

"இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? எங்க கடைக்கு நீங்க ரெண்டாவது உப்பு" என்றேன்.

"அப்படியா? இந்தக் கிறுக்கு நம்ம ஒருத்தருக்குத்தான்னு நினைச்சேனே."

அவ்வளவுதான் அவர் கேட்டது. சத்தியமாக வேறெதுவும் கேட்கவில்லை. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார். நான்தான் கொட்டினேன். செவ்வாய், வெள்ளி என்றேன். நாலரை மணி என்றேன். நீல யூனிஃபார்ம் போட்ட பாப்பா என்றேன். பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்திருப்பதைக்கூடச் சொன்னேன். "செருப்புக்கடை முனையில அவங்க தலை தெரிஞ்சாலே நான் காபியை ஆரம்பிச்சிடுவேன் சார்" என்று என் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துக்கொண்டேன். "அவங்க கண்ணு கதவுலயேதான் இருக்கும்" என்று முடித்தேன். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் எனக்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மேசை துடைக்கும் அக்கா அன்று லீவு. நானே போய்க் கப்பை எடுத்தேன். ஏறக்குறைய நிறைந்தபடியே இருந்தது. பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் கசங்கி ஈரமாகக் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வாய் காபி, துப்பியது.

"பிடிக்கலைன்னா வெச்சுட்டுப் போறாங்க. இதுக்கு எதுக்கு முழிக்கிறீங்க?" என்றார் ரேடியோ.

"கேட்டு வாங்கினவருக்கு எப்படிங்க பிடிக்காமப் போகும்?"

ரேடியோ அடுத்த டோக்கனைக் கிழித்தார்.

அன்று சாயந்திரம் வரை மெஷினில் நான் நின்றேனே தவிர என் புத்தி அங்கே இல்லை. உப்புக்காரியின் முகத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஒருவனுக்காகக் காத்திருக்கிறவள் கதவைப் பார்ப்பாள், வந்தது அவன் இல்லை என்றால் முகம் வாடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இவள் கதவைப் பார்ப்பாள், வந்தது வேறு யாரோ என்றதும் தோள் இறங்கும், மூச்சு விடுவாள், கப்பைக் கையில் எடுப்பாள். மூன்று மாதமாக என் கண் முன்னே நடந்தது. பார்த்தேன், பார்த்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் எதிர்பார்க்கவில்லை, பயந்துகொண்டிருந்தாள். அந்த ஆள் அவளைத் தேடி இந்த ஊரில் இன்னும் எத்தனை கடைகளில் அந்த ஒரு வாயைத் துப்பிவிட்டு வந்தானோ.

முதலாளியிடம் சொன்னேன். "காபி பிடிக்காம வெச்சுட்டுப் போனாருன்னு போலீஸுக்குப் போன் பண்ணுவியா? குடிக்க வர்றவங்க குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்காதே, அவ்வளவுதான் சொல்வேன்" என்றார். நியாயம்தான். அதை வியாழக்கிழமை மத்தியானமே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கே அவன் வந்துவிட்டான். இந்தத் தடவை உப்பெல்லாம் இல்லை, சர்க்கரை போட்ட டீ. கடை நிரம்பி வழிந்தது. யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், ஆபீஸ்காரர்கள் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அங்கிருந்து கதவும் தெரியாது, தெருவும் தெரியாது. தெரிந்தது நான் மட்டும்தான்.

நிமிரும்போதெல்லாம் அவன் கண் என் மேல் இருந்தது. முறைக்கவில்லை. சமையலறையில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவர்களைப் போல, அமைதியாக, விடாமல் பார்த்தான். நான் அவனைச் சந்தேகப்படுவதைக் கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். இரண்டு டோக்கனை மாற்றிக் கொடுத்தேன், பாதிக் கப்புக்கு முழுக் கப் போனது.

நாலு இருபத்தைந்து. செருப்புக்கடை முனையில் அந்தத் தலை தெரிந்தது.

உப்பு டப்பாவைத் தொடவில்லை. அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. ஆனால் அடுத்து என்ன செய்தேன்? பாதி கொதித்த பாலை அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், "அக்கா, எங்க போறீங்க?" என்று ரேடியோ கத்தக் கத்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

செருப்புக்கடை வாசலில் அவளை மறித்தேன். "உள்ள வராதீங்க. ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். உப்புக் காபி கேட்டான், குடிக்கத் தெரியல."

அவள் 'யார்' என்று கேட்கவில்லை. குழந்தையின் கையை மட்டும் இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நாள், நேரம்..."

"பாப்பாவைப் பத்தி?"

நான் தலை குனிந்தேன்.

"யூனிஃபார்ம்?"

"சொல்லிட்டேன்மா. தெரியாம சொல்லிட்டேன். நீங்க அவருக்காகத்தான் காத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஏதோ கணக்குப் பாடம் புரியாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாப்ல தனியா நிக்கப் பயந்துதான் உங்க கடைக்கு வருவேன். எப்பவும் நாப்பது பேர் இருப்பாங்க. ஏதாவது நடந்தா நாப்பது பேர் பாப்பாங்கன்னு ஒரு தைரியம்."

"இப்ப அதெல்லாம் பேச நேரமில்லம்மா. அதோ ஒரு பஸ் நிக்குது பாருங்க. எந்தப் பஸ்ஸா இருந்தா என்ன, ஏறிடுங்க முதல்ல. அவன் உள்ள உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் ஒரு நொடி கடையின் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே பிறந்தநாள்காரர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஏழு வயதுக் குழந்தை, கால் இரண்டும் அவள் முழங்காலில் இடித்தன. முன்வாசல் வழியாக ஏறிவிட்டதைப் பார்த்த பிறகுதான் நான் திரும்பினேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. செய்த தப்பை நானே சரிசெய்துவிட்டேன் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடை வாசலில் ரேடியோ நின்றுகொண்டிருந்தார். கல்லாவை விட்டு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"என்னக்கா ஆச்சு? நீங்க வெளியே ஓடின அடுத்த நிமிஷமே அந்த ஆளும் எழுந்து பின்னாடியே வந்தாரே. டீயைக்கூடத் தொடல. உங்களைத் தேடித்தான் வர்றார்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கதவைப் பார்க்கும்படி உட்காராததற்குக் காரணம் இருந்தது. கதவைப் பார்த்து உட்கார்ந்தால் அவள் அவனைப் பார்த்துவிடுவாள். அவனுக்கு எதற்குக் கதவு? அவள் தலை தெரிந்ததும் சொல்வதற்கு நான் இருந்தேனே. எப்படிச் சொல்வேன் என்பதையும் நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பின்வாசல் படியில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான், அவசரமே இல்லாமல். உள்ளே போகுமுன் என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தான். வழி கேட்டவன், சொன்னவருக்கு அசைப்பானே, அப்படி. கதவு மூடிக்கொண்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. சிக்னல் பச்சையில் இருந்தது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

ரேடியோவின் போனை வாங்கி அவசரப் போலீஸுக்கு அடித்தேன். எடுத்தது ஒரு பெண். பஸ் நம்பரைச் சொன்னேன், சட்டை நிறத்தைச் சொன்னேன், நீல யூனிஃபார்மைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டாள்.

"அந்தம்மா பேர் என்ன?"

"தெரியாதுங்க."

"அந்த ஆள் பேர்?"

"தெரியாது."

"வீடு எங்க? குழந்தை எந்த ஸ்கூல்?"

"தெரியலையே. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க, பஸ் போய்க்கிட்டே இருக்கு."

"அனுப்பறோம்மா, பதறாதீங்க. நீங்க யாரு? அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?"

பின்னால் கடைக்குள் யாரோ டோக்கன் நம்பரைச் சொல்லித் தன் காபியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன். "நான்தான் அவன்கிட்ட சொன்னேன்."