கவிழ்த்து வைத்த கை

கை தொங்கிப்போனவனைக் கண்டால் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். தெரிந்த முகம் ஜாஸ்தி, அதனால் யோசனையும் ஜாஸ்தி. எண்ணெய் போட்டு உருவு, பந்தை அமுக்கு, ஆடி கழியட்டும். கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

ஆலப்பாக்கம் அருகே பைக்கோடு விழுந்ததில் வலது மேல்கை எலும்பு முறிந்தது. கடலூரில் பிளேட் வைத்தார்கள், எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டு எழும்பவில்லை. விரல்களை மடக்கலாம், கையை மேலே தூக்க முடியாது. கம்பியைப் பிடித்தால், வண்டி பிரேக் போட்டதும் பிடி நழுவிவிடும். அந்தக் கையோடு யார் வேலை கொடுப்பார்கள்?

"விழுந்தப்போ நரம்பு அடிபட்டிருக்கு. தானா வருதான்னு மூணு மாசம் பாக்கலாம்" என்றார் கடலூர் டாக்டர். "வரலன்னா தொறந்து பாத்துடணும். ரொம்ப விட்டா தசை வீணாயிடும். அப்புறம் நரம்பைத் தைச்சும் பிரயோஜனம் இல்ல."

மூன்றாம் மாதம் டெஸ்ட் எடுத்தார்கள். நரம்பில் ஒன்றும் ஓடவில்லை. "தேதி குறிச்சிடலாம். தேவைப்பட்டா கால்லேருந்து நரம்பு எடுத்து ஒட்டணும். பாதத்தோட ஓரம் மரத்துப்போவும், அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானாம்! நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் நின்றே பிழைக்கிறவன் நான். கை போனது போதாதென்று காலையும் கேட்கிறார்.

மறுநாள் காலை என் மனைவி சிந்துஜா, "கொஞ்சமாச்சும் வருதாங்க?" என்று கேட்டாள். கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையைத் திருப்பிப் பிடித்து, உள்பக்கமாக மடக்கி, சட்டென்று விட்டேன். கை தானாகத் திரும்பி வந்தது. பார்க்கிறவர்களுக்குத் தூக்கியது மாதிரியே இருக்கும். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி செய்யச் சொல்லி வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். 'அசைவு வர மாதிரி தெரியுது, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்' என்று அவர் பதில் போட்டார்.

அரைமணி நேரம் கிளம்பாத வண்டியின் படியில் நின்று, "எடுத்தாச்சு, எடுத்தாச்சு, ஏறுங்க" என்று கூவிப் பழகிய வாய் இது. வீட்டிலும் தினம் அதையேதான் கூவினேன். "வந்துகிட்டே இருக்கு, நாளைக்குப் பாரு."

மாமனார் ராஜவேலுக்குப் பண்ருட்டியில் பலாப்பழ மண்டி. வாரம் தவறாமல் போன் செய்வார். "மாப்ள, நாள் போவுது. பண்ணிக்குங்க." அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் வாய் திறக்கும் முன்னே சிந்துஜா போனைப் பிடுங்கினாள். "கை வருதுப்பா, நான் தினம் பாக்கறேன். நீ சும்மா அவசரப்படுத்தாத!" அப்பாவும் மகளும் பத்து நாள் பேசவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் மாதம் அவரே சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். தட்ட முடியவில்லை, போனோம்.

டாக்டர் என் முன்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "தூக்குங்க."

பல்லைக் கடித்தேன். கழுத்தெல்லாம் வியர்த்தது. கை அப்படியே கிடந்தது.

"அஞ்சு மாசம் ஆச்சே. வருதுன்னு யார் சொன்னது?"

சிந்துஜா போனை நீட்டினாள். அவர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "இது தூக்கறது இல்லம்மா. மடக்கி விட்டா தானா திரும்பும். இத நம்பி ரெண்டு மாசம் போயிருக்கு. இப்பவும் பண்ணலாம், ஆனா மூணாம் மாசமே பண்ணியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும். வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க."

"நாந்தான் சார் எடுத்தேன். எனக்குத் தெரியல சார். எங்கப்பாகிட்டகூட சண்ட போட்டு நாந்தான் நிறுத்தினேன்." சிந்துஜா அழுதுவிட்டாள்.

சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். என்னால் முடியவில்லை. "அவமேல தப்பு இல்ல சார். வரலன்னு எனக்கு மொத நாளே தெரியும். கால்ல கத்தி வெப்பாங்கன்னு பயந்து நாந்தான் ஏமாத்தினேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி என்னை நாறடிப்பாள் என்று காத்திருந்தேன். "வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவறோம்பா. நீ சொன்னப்பவே பண்ணியிருக்கணும். நாந்தான் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் பயந்திருப்பேன். ரெண்டு பேரும் பயந்துகிட்டே போயி பண்ணியிருக்கலாம்ல?"