இரண்டு முறை எண்ணூர்

ராயபுரம் அலுவலகத்தில், கணினித் திரை ஜஸீமாவை மூன்றாம் முறையாக வெளியே நிறுத்தியது: அனுமதி இல்லை.

சரக்குப் பெட்டக நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரை அவள் அன்று முற்பகல்தான் பூட்டியிருந்தாள். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை நிறுத்தினாள். எல்லோரும் புழங்கிய ஒற்றை நிர்வாகிப் பெயரையும் தடுத்தாள். இனி அவரவர் பெயரில், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். வழியாக மட்டுமே நுழையலாம். நிர்வாகியாக மாறும் உரிமை அவளுக்கு மட்டுமே. நுழையத் தக்கவர்களின் பெயர்களை எண்ணூர்ப் பெட்டக யார்டின் கேட் பதிவேட்டைப் பார்த்து எழுதினாள். அந்தப் பதிவேட்டை எழுதுகிறவர் தம் பெயரை எழுதுவதில்லை. அவர்தான் வாசலிலேயே நிற்கிறாரே. அந்த வழக்கத்திலேயே அவளும் தன் பெயரை எழுதாமல் விட்டுவிட்டாள்.

சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து திருத்தலாம் என்றால், அந்த அறைச் சாவி தூத்துக்குடி சென்ற முதலாளியின் பையில் இருந்தது. நான்கு மணிக்குள் கப்பலுக்குச் சரக்குப் பட்டியல் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே கிரேன்கள் உப்புவெளிச்சத்தில் பாதி கரைந்து நின்றன. எண்ணூர் யார்டின் கேட் கிளார்க் கோதண்டம், பழைய நிர்வாகிப் பெயரில் தம் கணினியில் திறந்த சாளரத்தை மூடவே மாட்டார். முன்பே உள்ளே இருப்பவரைப் புதிய பூட்டு வெளியேற்றாது. போனை எடுத்தாள்.

"கோதண்டம்ணா, ஸ்கிரீன மூடிடாதீங்க!"

"இன்னாம்மா, காலைல நீதான மூடு மூடுன்னு பேஜார் பண்ண? இப்பதான் மூடலாம்னு குந்தினேன்."

"மூடுனா என் வேலை பூடும்ணா. சொல்றத அப்டியே அடிங்க."

பெட்டக எண்களை ஒப்பிக்கும் யார்டு வழக்கப்படி, எழுத்துக்கு ஓர் ஊராகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் அடித்தார். கடைசியில், நுழையத் தக்கவர்களோடு சேர்க்க அவள் பெயர்.

"ஜே, ஜார்ஜ் டவுன். ஏ, ஆவடி. எஸ், சாத்தாங்காடு. ஈ, எண்ணூர். இன்னொரு எண்ணூர்."

"ரெண்டு தபாவா? ரோடு கீற லட்சணத்துக்கா?"

"எம், மணலி. மறுபடி ஆவடி."

ஓட்டுநரில்லாத லாரி ஒன்று அவள் பெயரை ஏற்றிக்கொண்டு, வெண்புழுதியில் ஓசையின்றி ஊர் ஊராகப் போவதுபோல் தோன்றியது. சாலை முடிந்து கழிமுகம் வந்தபோதும் அது நிற்கவில்லை; நீரின்மேல் போயிற்று.

அவரைக் கொண்டே உள்நுழைவுச் சேவையை மீண்டும் தொடங்கச் செய்துவிட்டு, அவள் தன் கடவுச்சொல்லை அடித்தாள். திரை வழிவிட்டது. உள்ளே இருப்போர் வரிசையில் இரண்டே பெயர்கள்: அவளுடையது, கீழே, எல்லோருடையதுமான அந்தப் பழைய பெயர்.

"உள்ள கீறியா?"

"கீறேன்ணா. இப்ப மூடுங்க."

"மெய்யாலுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் கீழ் வரி மறைந்தது. மணி மூன்று இருபது. பட்டியலை அனுப்பத் தொடங்கினாள்.